சத்தமில்லாமல் வைக்கிறவர்

அவர் எதைக் கீழே வைத்தாலும் சத்தம் கேட்காது. தம்ளரோ, அரிசி மூட்டையோ, சைக்கிள் ஸ்டாண்டோ, எதுவானாலும் தரை அதை வாங்கிக்கொண்டதே தெரியாது. கோவில்பட்டியில் எங்கள் வளவு என்பது ஒரே முற்றத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நிற்கிற சின்னச் சின்ன வீடுகள். ஒரு வீட்டில் வற்றல் வறுத்தால் எல்லா வீட்டிலும் இருமுவோம். அப்படிப்பட்ட இடத்தில் அவரும் நானும் ஒரு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வருஷக்கணக்காக இருந்தோம். அந்தச் சுவர் வழியாக அவர் வீட்டிலிருந்து எனக்குக் கேட்டது மிகவும் கொஞ்சம்.

ஆள் பார்க்க மலை மாதிரி இருப்பார். வாசல் நிலைக்குக் குனிந்துதான் நுழைவார். மீசை முறுக்காமலே முறுக்கிக்கொண்டு நிற்கும். புதிதாகப் பால் ஊற்ற வந்த ஒருத்தன் அவரைப் பார்த்துவிட்டு, காசு கேட்காமலே போய்விட்டான். ஆனால் அவரைப் போலப் பயந்த மனுஷனை நான் கண்டதில்லை. பயத்தை அவர் ஒளித்து வைத்ததும் இல்லை.

"பயம்னா என்ன தம்பி, ஒடம்புக்குள்ள இருக்குத வாச்மேன். அவன் தூங்கிட்டாம்னா ஆளு காலி" என்பார்.

நான் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். பள்ளிக்கூடத்துப் படிப்பு எனக்குக் கொஞ்சந்தான். கடைக்கு வருகிறவர்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிற பேச்சுகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டதுதான் என் படிப்பு. அதில் பாதி இந்த அண்ணாச்சி கொடுத்தது.

அவருடைய பயம் வேலையிலிருந்து வந்தது. எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்போம். அங்கே, மருந்து முக்கின குச்சிகள் வரிசையாக நிற்கிற சட்டங்களைத் தூக்கிப் போய்க் காயவைப்பதும், காய்ந்ததை எடுத்து அடுக்குவதும் அவர் வேலை. காய்ந்த சட்டம் கை நழுவினால் குச்சியோடு குச்சி உரசும். ஒரு குச்சி பற்றினால் போதும், மற்றதுக்கெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாலிபத்தில் ஒரு தடவை அப்படி ஒரு சட்டம் விழுந்தபோது அவர் அங்கே இருந்திருக்கிறார். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி, எண்ணெய் தடவினது மாதிரி மினுங்கும்.

"யாரு கையிலருந்து விழுந்துச்சு அண்ணாச்சி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தூக்குறதுக்கு எல்லாவனும் வருவான் தம்பி. கீழ வைக்கணும்லா? அதுதான் வேலை" என்றார்.

நான் கேட்டதற்குப் பதில் அதில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தீபாவளியன்று வாசலில் ஈரச் சாக்கை விரித்துவிட்டு உள்ளேயே இருப்பார். ரயிலுக்குப் போவதென்றால், முந்தின ரயிலைப் பிடிக்கலாம் போல அத்தனை நேரத்தோடு போய் நிற்பார். கதவுக்கு நடுத்தாழ் போதாதென்று மேலே ஒரு தாழ் அடித்திருந்தார், அவர் உயரத்துக்கே கை நீட்டித்தான் போடவேண்டும். திருடன் உள்ளே வந்துவிடுவான் என்று பயம். "இவர் மூஞ்சியப் பாத்தா திருடன் போட்ட சட்டையக் கழத்திக் குடுத்துட்டுப் போவான். இவருக்குத் தாழ்ப்பா ஒரு கேடா" என்பாள் பொன்னுத்தாய். எதிர் வீட்டுக்காரி, கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வளவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் கஞ்சி அவள் அடுப்பிலிருந்துதான் வரும்.

மனைவி போனபிறகு அண்ணாச்சி தனியாள். தூத்துக்குடியில் இருக்கும் மகள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள். "அங்கன மாடி வீடு. ஏறிட்டா எறங்கணும்லா" என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் என் கடைக்கு வந்து நின்றார். ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன். உட்காரவில்லை.

"தம்பி, இன்னைக்கு நான் தரையில உக்காந்துட்டேன்."

"உக்காந்தா என்ன அண்ணாச்சி?"

"எந்திரிக்க முடியல."

தைலக் குப்பி கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விட்டதாம். அதை எடுக்கத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். குப்பி கைக்கு வந்துவிட்டது, கால் வரவில்லை. வளவில் ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியானம். கூப்பாடு போட வெட்கம். பின்பக்கத்தால் நகர்ந்து நகர்ந்து கதவுக்குப் போயிருக்கிறார். அங்கே போய் அண்ணாந்து பார்த்தால், மேல்தாழ்.

"கீழ கெடந்து பாத்தா அது வானத்துல இருக்கு தம்பி."

கடைசியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கி, எப்படியோ எழுந்திருக்கிறார். முற்றத்து வெயில் அதற்குள் எதிர்ச் சுவரில் ஏறிவிட்டது என்றார். அதைச் சொல்லும்போது அந்தப் பெரிய கை என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சாவுக்கு ஒண்ணும் பயமில்ல. நான் அங்கன கெடப்பேன். நீங்க சுவத்துக்கு இந்தப் பக்கம் சோறு தின்னுக்கிட்டு இருப்பீய. அத நெனச்சாத்தான்…"

சுற்றிக்கொண்டிருந்த செம்புக் கம்பி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. அன்று ராத்திரி சாப்பாட்டில் எனக்கு ருசி தெரியவில்லை.

காலுக்கும் கைக்கும் பலம் ஏற்றுவது என்று முடிவு செய்தோம். அதற்கென்று பயிற்சி இருக்கிறதாமே என்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஒரு ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். உள்ளே ஒருத்தன் இரும்புக் கம்பியைத் தலைக்கு மேலே தூக்கி, முக்கி, அப்படியே கையை விட்டான். தொம்மென்று விழுந்தது. அண்ணாச்சி என் புஜத்தைப் பிடித்த பிடியில் ரெண்டு நாள் வலித்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் தெருவில் நிற்கிறார். முகம் வெளிறிக் கிடந்தது.

"கீழ போடுதான் தம்பி!"

"கீழ ரப்பர் விரிச்சிருக்கான் அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது."

"எத வேணா விரிக்கட்டும். கையில இருக்குதத மனுசன் எப்பிடிப் போடுவான்?"

அப்புறம் என் போனில் வீடியோ பார்த்தோம். ஒருத்தன் வெறும் வயிற்றோடு செய் என்கிறான். இன்னொருத்தன் முட்டை தின்றுவிட்டுச் செய் என்கிறான். ஒருத்தன் குதிக்கிறான், ஒருத்தன் கயிற்றில் தொங்குகிறான், ஒருத்தன் இதையெல்லாம் செய்யாதே என்று அவர்களைத் திட்டுகிறான். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இவன் தனியாவா செய்யுதான்?"

"ஆமா, தனியாத்தான்."

"படம் பிடிக்கவன் யாரு?"

"அவன் ஒருத்தன் நிக்கான்தான்."

"அப்ப இது தனியா செய்யுத வேலை இல்ல. அடுத்தது போடுங்க."

சிரித்தேன். ஆனால் இத்தனை பேர் பார்த்த வீடியோவில் அந்த ஆள் நிற்பதை அவர் ஒருத்தர்தானே பார்த்தார். விழுந்தால் தூக்க அங்கே ஆள் இருக்கிறது. இவருக்கு இல்லை.

கடைசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண் பிள்ளைதான் வழி சொன்னாள். அவரை உட்காரவைத்து, எழவைத்து, நடக்கவிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நெறைய வேண்டாம்ப்பா. கொஞ்சமா எடுத்துக்கிட்டு அதையே விடாம செய்யுங்க. ஒரு நாள் செஞ்சா மறுநாள் ஓய்வு. மூச்சப் பிடிச்சு வைக்காதீங்க. இன்னும் ஒண்ணு ரெண்டு செய்யலாமேன்னு இருக்கும்போதே நிறுத்திருங்க. லேசாத் தெரியும்போது கொஞ்சமாக் கூட்டுங்க. சுருக்குன்னு வலிச்சா விட்ருங்க."

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாகத் திரும்ப உட்கார வேண்டும். சுவரில் உள்ளங்கையை வைத்து உடம்பைச் சாய்த்து, பிறகு தள்ள வேண்டும். ஸ்டூல் மேல் இருக்கிற கனத்தை முதுகு வளையாமல் தூக்கித் திரும்ப வைக்க வேண்டும். அதையே பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடக்க வேண்டும். கடைசியாக, தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். அதைத் தானே செய்து காட்டினாள். ஒருக்களித்துத் திரும்பி, மண்டிபோட்டு, நாற்காலியில் கையை ஊன்றி, ஒரு காலை முன்னால் வைத்து எழுந்தாள்.

"மத்ததெல்லாம் இதுக்காகத்தான்ப்பா. இத விட்றாதீங்க" என்றாள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தரைக்கும் ஆட்டினார். வீட்டுக்கு வந்து முதல் நாள் செய்து முடித்ததும் கேட்டேன்.

"தரை?"

"அது நாளைக்கு."

அந்த நாளைக்கு வரவே இல்லை. எதுக்காக இத்தனையும் செய்கிறாரோ அதை மட்டும் செய்ய மாட்டார். தரையில் உட்கார்ந்தால் திரும்பவும் அந்த மத்தியானம் வந்துவிடும் என்று பயம். இன்னொரு பக்கம் வெட்கம். இந்த வயதில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை யாராவது பார்த்தால் சிரிப்பார்களாம். அதனால் எல்லோரும் வேலைக்குப் போன மத்தியானமாகப் பார்த்து, கதவைச் சாத்தி, அந்த மேல்தாழையும் போட்டுக்கொண்டுதான் ஆரம்பிப்பார். சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, தாழப் போடாதீங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"தெறந்து போட்டுட்டு ஆடுனா வளவே வந்து டிக்கெட் கேக்கும் தம்பி."

கனத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது அவர் மனைவி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த எவர்சில்வர் குடம். அந்த ஆஸ்பத்திரிப் பிள்ளை கால் குடம் தண்ணீரில் ஆரம்பிக்கச் சொன்னாள். ஆரம்பித்தார். இங்கேதான் எங்கள் ஊர் குறுக்கே வந்தது. எங்களுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் தினமும் வராது. வருகிறபோது வரும், பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவர் குடிப்பதும் அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான். பிள்ளை கூட்டிக்கொண்டே போகச் சொன்ன கனம், இவர் வீட்டில் சோறு பொங்கப் பொங்கக் குறைந்துகொண்டு வரும். தண்ணீர் வந்ததும் ஒரேயடியாக ஏறும்.

"பயிற்சிக்குன்னு ஒரு குடத்தத் தனியா வச்சுக்கிடுங்களேன்" என்றேன்.

"குடிக்குத தண்ணிய வெறுமனே நிறுத்தி வைக்கவா? பக்கத்து வீட்டுல கொடம் காலியாக் கெடக்கும்போது?"

"அப்ப உப்புத் தண்ணி ஊத்துங்க."

"அவ கொடத்துல உப்புத் தண்ணியா!"

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? இருந்தாலும் காலில் ஒரு தெம்பு வந்ததென்னவோ நிஜம். நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிற மத்தியானங்களில் சுவர் வழியாக அவர் நாற்காலி கிரீச்சிடுவது கேட்கும். முதலில் முனகிக்கொண்டே கிரீச்சிட்ட நாற்காலி, போகப் போக ஒரே சீராகக் கிரீச்சிட்டது. அது நின்றதும் நிசப்தம். குடத்தைத் தூக்கி வைக்கிறார் என்று அர்த்தம். அந்த நிசப்தத்தில் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் வீட்டில் சத்தம் நின்றால் என்னவோ என்று ஓடலாம். இவர் வீட்டில் சத்தம் இல்லாமல் இருப்பதுதான் நல்ல சேதி. கெட்ட சேதியும் அப்படியேதானே இருக்கும் என்று ஒரு நாள் தோன்றியது. அன்றிலிருந்து என் பயமும் அவர் பயத்தோடு சேர்ந்துகொண்டது.

அந்த முறை தண்ணீர் வர ரொம்பத் தாமதம். குடங்களெல்லாம் அடிமட்டத்துக்கு வந்துவிட்டன. அவர் தூக்கிக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட வெறும் குடம். பிறகு ஒரு மத்தியானம் திடீரென்று குழாய் சீறியது. பொன்னுத்தாய் கம்பெனியில் சொல்லிக்கொண்டு ஓடி வந்தாள். நானும் கடையைச் சாத்திவிட்டு வந்தேன். வளவுக்கு ஒரே குழாய். அதில் ஹோஸை மாட்டி, முறை வைத்து வீடு வீடாக இழுத்துக்கொள்வோம். என் முறை முடிந்தது. அவர் முறை வந்தது. குடத்தை நிரப்பி உள்ளே கொண்டு போனார். ஹோஸை வாசலில் இருந்த டிரம்மில் போட்டார். டிரம் நிரம்ப நேரமாகும். பயிற்சி நாள் வேறு. அந்த நேரத்தை விடுவானேன் என்று உள்ளே போய்விட்டார். தாழ் விழுந்தது.

நான் சாப்பிட உட்கார்ந்தேன். நாற்காலி கிரீச்சிட்டது. நின்றது. இனி குடம் என்று நினைத்துக்கொண்டு ரசம் ஊற்றிக்கொண்டேன்.

வெளியே பொன்னுத்தாயின் குரல். "ஏ அண்ணாச்சி, டிரம் வழியுது! கரிசக்காட்டுக்கா பாச்சுதீய? அடுத்தது என் முறை!"

டிரம்மை ஓங்கித் தட்டினாள்.

"ஏ அண்ணாச்சி! காது அவிஞ்சு போச்சா?"

சொட்டுத் தண்ணீர் சிந்தினாலும் பதறுகிற மனுஷன். சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். எச்சில் கையோடு ஓடினேன். கதவைத் தள்ளினால் அசையவில்லை. பொன்னுத்தாய் அதற்குள் ஜன்னல் திரையை விலக்கியிருந்தாள். "ஐயோ" என்றாள். அவள் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

கட்டில் காலில் முதுகு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். ஸ்டூல் தள்ளிப்போய்க் கிடந்தது. நீட்டின தொடை மேலே நிறை குடம். அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். வெறும் குடத்துக்குப் பழகின கை நிறை குடத்தைத் தூக்கியிருக்கிறது, குடம் நழுவியிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் கையை விட்டிருப்பார்கள். இவர் விடவில்லை. குடத்தோடு சேர்ந்து தானும் இறங்கியிருக்கிறார். அந்தக் குடம் தரையில் மோதக் கூடாதென்று அத்தனை பெரிய உடம்பை அதற்கு மெத்தையாகப் போட்டிருக்கிறார். அதனால்தான் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி!"

"சத்தம் போடாதீங்க" என்றார். குடத்து வாயில் தண்ணீர் தளும்பித் தளும்பி நின்றது.

"கதவ ஒடைக்கேன்."

"வேண்டாம். கதவு அதிரும். இது விழுந்துரும்."

"விழட்டுமே! கையை விடுங்க!" என்றாள் பொன்னுத்தாய்.

"விட்டா விழும்லா தாயி."

"நீங்களே விழுந்து கெடக்கீய, அது விழுந்தா என்ன? விடுங்கங்கேன்!"

"முடியல."

விட முடியவில்லை என்று அவர் சொன்னதை, தூக்கிக் கீழே வைக்க முடியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் விரல்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. குடத்தின் கழுத்தில் அவை இறுகிப் போயிருந்தன. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த காலமெல்லாம் பிடியை விடாதே என்று சொல்லி வளர்த்த கை. இப்போது விடு என்றால் அதற்குக் கேட்கவில்லை. முகத்தில் வியர்வை ஓடியது. உதட்டில் ரத்தம் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கண்ணெதிரே இருக்கிறார், என்னால் தொட முடியவில்லை.

பொன்னுத்தாய் கம்பிக்குள்ளே கையை நீட்டினாள். எட்டவில்லை. ஆனால் நீட்டிய கையை எடுக்கவும் இல்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. என்னையப் பாருங்க. அதுல இருக்கது தீப்பெட்டி மருந்து இல்ல. தண்ணி. இத்தன நாளா இதுக்குத்தான காத்துக் கெடந்தோம்? தண்ணி அண்ணாச்சி. ஊத்துனா நனையும், அம்புட்டுத்தான்."

அவர் அவளைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். விரல் ஒவ்வொன்றாகப் பிரிந்தது.

குடம் தொடையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. ணங்கென்று அது போட்ட சத்தம் வளவு முழுக்கக் கேட்டது. அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதே இல்லை. அவர் தீய்ந்த கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகச் சுருண்டுவிட்டார். நெருப்புக்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் மூச்சு விடவில்லை.

தண்ணீர் பரவி அவர் வேட்டியை நனைத்தது. சுவரோரமாக ஓடியது. கதவிடுக்கு வழியாக வெளியே வந்து என் காலைத் தொட்டது.

வெகுநேரம் கழித்துக் கையை எடுத்தார். ஈரத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"தண்ணிதான்" என்றார்.

"அதத்தான நாயாக் கத்துதேன்" என்றாள் பொன்னுத்தாய். அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, இனிமே எந்திரிக்கணும். அந்தப் பிள்ள காட்டுச்சுல்லா, ஒருக்களிச்சுத் திரும்புங்க" என்றேன்.

"அத நான் செஞ்சதே இல்லியே தம்பி."

"இன்னைக்குச் செய்யுங்க."

"வழுக்கும்."

அதுவும் சரிதான். ஈரத் தரையில் திரும்பவும் விழுந்தால் அவ்வளவுதான். கட்டிலில் கிடந்த போர்வையை இழுத்துக் கீழே போடச் சொன்னேன். போட்டார். அதன் மேல் ஒருக்களித்தார். மண்டியிட்டார். அப்படியே நின்றுவிட்டார். நாலு காலில் நிற்கிற அந்த மனுஷனின் மூச்சு ஜன்னல் வரை கேட்டது. நாற்காலி ரெண்டு முழம் தள்ளி இருந்தது. ஊர்ந்தார். கையை ஊன்றினார். ஒரு காலை முன்னால் கொண்டுவந்தார், அது நடுங்கியது, பின்னால் போய்விட்டது. பொன்னுத்தாய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பவும் காலைக் கொண்டுவந்தார். நாற்காலி கிரீச்சிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக் கேட்டுப் பழகின அதே சத்தம்.

எழுந்து நின்றார்.

மேல்தாழை எடுத்துக் கதவைத் திறந்தவர் முதலில் பார்த்தது டிரம்மைத்தான். "என்ன தாயி, வழியுதே, ஹோஸை எடுத்துப் போடலாம்லா?" என்றார். பொன்னுத்தாய் ஹோஸைத் தூக்கிப் பார்த்தாள். குழாய் எப்போதோ நின்றுபோயிருந்தது. அவள் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. அண்ணாச்சி கதவைப் பிடித்துக்கொண்டு அவ்வளவையும் கேட்டுவிட்டு, "என் டிரம்முல பாதிய எடுத்துக்கோ" என்றார். அப்புறம்தான் அவருக்கு உடம்பெல்லாம் உதற ஆரம்பித்தது. கட்டிலில் படுக்கவைத்தோம். சாயங்காலம் வரை உதறல் நிற்கவில்லை.

மறுநாள் என்னிடம் திருப்புளி கேட்டார். மேல்தாழைக் கழற்றி, தரையில் உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில், கதவின் கீழே அடித்தார். திருடன் பயம் போய்விடவில்லை. திறக்க முடியாத பயம் அதைவிடப் பெரிசாகிவிட்டது, அவ்வளவுதான். அவர் காலி செய்துவிட்டுப் போனபிறகு அந்த வீட்டுக்குக் குடிவந்தவர்கள், தாழைப் பார்த்துவிட்டு, இங்கே குழந்தை இருந்ததா என்று கேட்டார்கள்.

தரைப் பயிற்சியையும் ஆரம்பித்தார். ஆனால் அந்த நேரத்துக்கு நான் வர வேண்டும். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுச் சொல்வார்.

"பாக்காதீங்க. ஆனா அங்கன நில்லுங்க."

முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். உட்காருவது கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. அந்த நேரத்தில் முற்றத்துக் கொடியில் காய்கிற துணியைப் பார்த்துக்கொண்டு நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். பிறகு நாற்காலி கிரீச்சிடும்.

"எந்திரிச்சிட்டேன்" என்பார்.

"கேட்டுச்சு அண்ணாச்சி" என்பேன்.

அதற்கப்புறம் மகளிடமே போய்விட்டார், மாடி ஏறுகிற அளவுக்குக் காலில் தைரியம் வந்திருந்தது. அங்கே காய்ச்சலில் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தார் என்று சேதி வந்தது. கீழே விழவில்லையே என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றாள் மகள்.

இப்போது எனக்கும் முழங்கால் பிடிக்கிறது. என் வீட்டுக்காரி எங்கள் மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், நான் தனியாள். ஒன்றும் பெரிசாக யோசிக்கவில்லை. நாற்காலி, சுவர், குடம், தரை. அவர் செய்ததேதான். கதவைச் சாத்தாமல் செய்கிறேன். நேற்று முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் தாழ்ப்பாள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. ஒருக்களித்து, மண்டி போட்டு, நாற்காலியைப் பிடித்து, ரெண்டு தடவை தவறி எழுந்து நின்றேன். நின்றதும் என் வாய் தானாகச் சொன்னது.

"எந்திரிச்சிட்டேன்."

யாரிடம் சொன்னேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது யார் யாரோ.

முற்றத்தில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"கேட்டுச்சு அண்ணாச்சி" என்றாள் பொன்னுத்தாய்.